ஒரே பெட்டிக்குள் இரண்டாவது ஓ.எஸ். வந்த கதை

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில், மிக்சி, கிரைண்டர், மின்விசிறியோடு மடிக்கணினியும் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே அப்போது திருவள்ளூர் மாவட்டம்தான். அரசு மடிக்கணினி முதலில் கைமாறியது எங்கள் மாவட்டத்தில் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்ளலாம்.

அந்த மடிக்கணினியில் பொத்தானை அழுத்தியதும் நேராக உள்ளே போய்விட முடியாது. கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்து நிற்கும். அதில் பாஸ் லினக்ஸும் இருக்கும், விண்டோஸும் இருக்கும். அம்புக்குறியை நகர்த்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் கணினியே இதுதான் என்ற பிள்ளைகள், கணினி என்றாலே இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் திறக்கும் என்று நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

இரண்டு இயங்குதளங்கள் (ஓ.எஸ்.) எப்படி வந்தன? வாங்கியது தமிழ்நாடு அரசின் எல்காட். அந்த நிறுவனத்துக்கு லினக்ஸ் புதிதல்ல. 2006 முதல் சில ஆண்டுகள் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கான கணினிகளிலும் லினக்ஸைக் கொண்டுவந்தார். இன்னொரு பக்கம், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் என்ற இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டிருந்தது. உரிமக் கட்டணம் கிடையாது, தமிழிலும் பட்டியல்கள் வரும். இது இருக்க, முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்து 12 ஆயிரம் மடிக்கணினிகள் வாங்கும் அரசு விண்டோஸுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வெளியே வேலைக்குப் போகிற பிள்ளைக்கு விண்டோஸ் தெரிய வேண்டாமா என்று இன்னொரு தரப்பு கேட்டது. அதுவும் நியாயம். கடைசியில் இரண்டையும் போட்டுக் கொடுத்தார்கள்.

கொடுத்த விண்டோஸ், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மலிவான சிறு கணினிகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் பல வசதிகளை வெட்டி எடுத்துவிட்டு விற்ற பதிப்பு. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பைசா செலவில்லாத பாஸில் விஜய் படமோ அஜித் படமோ வைக்கலாம், காசு கொடுத்து வாங்கிய விண்டோஸில் முடியாது. பதினேழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? தெருமுனைக் கடையில் கொடுத்து, “அண்ணா, ஃபார்மேட் அடிச்சு நல்ல ஓ.எஸ். போட்டுக் குடுங்க” என்று கேட்கும். கடைக்கார அண்ணன் திருட்டு அல்டிமேட் பதிப்பைப் போட்டுக் கொடுப்பார். விண்டோஸை மறுபடி நிறுவும்போது அது டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைத் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளும். அதோடு அந்தக் கறுப்புத் திரைப் பட்டியல் காணாமல் போகும். பாஸ் டிஸ்க்கில் இருந்தாலும் உள்ளே போக வழியிருக்காது. இப்படித்தான் பல மடிக்கணினிகள் ஒற்றை ஓ.எஸ்.ஸுக்குத் திரும்பின.

பாஸைத் தக்கவைத்துக்கொள்ள மாணவருக்கு அப்போது காரணமும் பெரிதாக இல்லை. பிளஸ் டூ கணினி அறிவியல் பாடம் அன்றைக்கு இரண்டு தொகுதி. முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ், இரண்டாவது சி++. அந்த சி++ நிரல்கள் ‘ஐஓஸ்ட்ரீம்.எச்’, ‘கோனியோ.எச்’ என்று தொடங்கும், திரையைத் துடைக்க ‘கிளர்ஸ்கிரீன்’ என்று ஒரு கட்டளை வரும். இதெல்லாம் போர்லேண்ட் நிறுவனம் 1990இல் டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்ட டர்போ சி++ கம்பைலரின் வழக்கம். 1998இல் சி++ மொழிக்கு உலகத் தரம் வகுத்தபோது அந்தப் பழைய தலைப்பு முறை கைவிடப்பட்டது. ‘கோனியோ’ எந்தக் காலத்திலும் தரத்தில் இருந்ததில்லை. பாஸில் இருந்த கம்பைலரோ தரத்தைக் கறாராகப் பின்பற்றுவது. பாடப்புத்தக நிரலை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்துக் கொடுத்தாலும், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். அரசு கொடுத்த ஓ.எஸ்.ஸில் அரசு கொடுத்த புத்தகம் ஓடவில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து யாராவது ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

சரி, விண்டோஸுக்குப் போனால்? ஸ்டார்ட்டர் 32 பிட் என்பதால் டர்போ சி++ திறந்தது. ஆனால் சின்னச் சதுரமாகத் திறந்தது. ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால், முழுத்திரை வசதி இந்தக் கணினியில் கிடையாது என்று ஒரு பெட்டி வரும். அடுத்து 64 பிட் விண்டோஸ் பரவியபோது அதுவும் போயிற்று. டர்போ சி++ 16 பிட் மென்பொருள். அதை ஓட்ட இன்டெல் 1985இல் தன் 386 புராசசரில் ஒரு தனி ஏற்பாடு செய்திருந்தது. ஒரு டாஸ் மென்பொருளுக்கு, தானே ஒரு பழைய 8086 கணினியில் தனியாக இருப்பதாகத் தோன்றவைக்கும் ஏற்பாடு அது. விண்டோஸ் பல ஆண்டுகள் அதை நம்பித்தான் டாஸ் மென்பொருள்களை ஓட்டியது. புராசசர் 64 பிட் முறையில் ஓடும்போது அந்த ஏற்பாடு கிடைக்காது. டர்போவை இரண்டு முறை தட்டினால், இது உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தாது என்று சொல்லி முடித்துக்கொள்ளும்.

பாடத்திட்டம் மாறவில்லை, செய்முறைத் தேர்வு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, எத்தனையோ பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும் இதே நிலைமைதான். அப்போது கைக்கு வந்தது டாஸ்பாக்ஸ். பழைய டாஸ் விளையாட்டுகளை ஆடுவதற்காக நெதர்லாந்துக்காரர்கள் இருவர் 2002இல் வெளியிட்ட மென்பொருள். பழைய கணினி ஒன்றின் புராசசர், திரை, ஒலி அட்டை என்று எல்லாவற்றையும் மென்பொருளாலேயே நடித்துக் காட்டும், உள்ளே தனக்கென்று ஒரு டாஸையும் வைத்திருக்கும். யாரோ புண்ணியவான்கள் அதையும் டர்போ சி++ஐயும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டார்கள். பென் டிரைவ் பென் டிரைவாக அது கைமாறியது. டர்போவின் நீலத்திரை முழு அளவில் வந்தது. சுட்டியை அது பிடித்துவைத்துக்கொண்டு விடாது. கன்ட்ரோலையும் எஃப் 10ஐயும் சேர்த்து அழுத்தினால்தான் விடும். அதைக்கூட மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டார்கள்.

என் கணக்கில், இந்த மடிக்கணினிக்கு வந்த உண்மையான இரண்டாவது ஓ.எஸ். அந்த டாஸ்தான். பாஸ் கொள்கைக்காக வந்தது. டாஸைக் கூப்பிட்டது வேலை. இரண்டாவது ஓ.எஸ். பிறந்த கதையை முழுக்கப் பார்த்தால் எல்லாக் காலத்திலும் இதே கதைதான். புதிய பெட்டி வாங்கியாயிற்று, பழைய வேலை அதில் ஓடமாட்டேன் என்கிறது, அதைத் தூக்கிப்போடவும் மனமில்லை.

1960களின் தொடக்கத்தில் உலகத்து அலுவலகங்களில் அதிகம் ஓடிய கணினி ஐபிஎம் 1401. ஆயிரக்கணக்கில் விற்றது. நம் ரயில்வேயும் மண்டல அலுவலகங்களுக்கும் உற்பத்திப் பிரிவுகளுக்கும் அதைத்தான் வாங்கியது. சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு எல்லாம் அதற்கென்று எழுதப்பட்ட நிரல்கள். ஐபிஎம்மோ எல்லாவற்றையும் மாற்றி, சிஸ்டம் 360 என்ற புதிய வரிசையைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1401க்கு எழுதிய நிரல் அதில் ஓடாது. இந்தச் சந்தில் ஹனிவெல் நிறுவனம் புகுந்தது. 1963 டிசம்பரில் தன் 200 என்ற கணினியை அறிவித்து, கூடவே ‘லிபரேட்டர்’ என்ற மென்பொருளையும் கொடுத்தது. உங்கள் 1401 நிரல்களை அப்படியே கொண்டுவாருங்கள், எங்கள் பெட்டியில் ஓட்டித் தருகிறோம் என்றது.

ஐபிஎம்முக்கு அடிவயிறு கலங்கியது. 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம் 360ஐ அறிவித்தபோது, அதன் சிறிய மாடல்களில் 1401 போலவே நடந்துகொள்ளும் ஒரு ஏற்பாட்டையும் உள்ளேயே வைத்திருந்தது. அதற்கான நுண்கட்டளைகள் பெட்டிக்குள்ளேயே இருக்கும். புதிய கணினியை வாங்கி, அதை 1401 ஆக மாற்றிப் பழைய சம்பளப் பட்டியலையே ஓட்டிக்கொண்டிருந்த அலுவலகங்கள் ஏராளம். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய புதிய இயந்திரம் பழையது போல நடிக்கிறதே என்று அன்றைக்கும் யாராவது சிரித்திருப்பார்கள்.

அதே ஐபிஎம்மில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ராபர்ட் கிரீஸி குழு இன்னொரு வழியில் போனது. ஒரே பெரிய கணினியைப் பங்கு போட்டு, ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாகக் காட்டும் சிபி-40 அங்கே 1967 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. மெய்நிகர் இயந்திரம் என்று இன்று நாம் சொல்வதன் முப்பாட்டன் அதுதான். 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் விற்பனைச் சரக்கானது. ஐஐடி மெட்ராஸில் மாணவர் தலைமுறைகள் அட்டை அடித்து வரிசையில் நின்ற ஐபிஎம் 370/155 இதே 370 குடும்பத்தைச் சேர்ந்தது.

மேசைக் கணினிக்கு இந்த யோசனை வந்தது 1980இல். கொண்டுவந்தது மைக்ரோசாஃப்ட், போன இடம் ஆப்பிள். ஆப்பிள் II நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அலுவலக மென்பொருள்களான வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் சிபி/எம் என்ற வேறு ஓ.எஸ்.ஸில் ஓடுபவை. அதற்கு இசட்80 போன்ற புராசசர் வேண்டும், ஆப்பிளில் இருந்தது வேறு புராசசர். இசட்80ஐ ஒரு அட்டையில் வைத்து ஆப்பிளுக்குள் செருகிவிட்டால் என்ன என்று மைக்ரோசாஃப்டின் பால் ஆலன் யோசித்தார். அதன் முதல் மாதிரிகளைச் செய்து கொடுத்தவர் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் டிம் பேட்டர்சன். அந்த ‘சாஃப்ட்கார்டு’ அந்த ஆண்டு மைக்ரோசாஃப்டுக்கு மற்ற எதையும்விட அதிக வருமானம் ஈட்டிக் கொடுத்தது. அதே பேட்டர்சன் அதே ஆண்டில் 86-டாஸ் என்று ஒரு ஓ.எஸ். எழுதினார். 1981இல் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கி எம்எஸ்-டாஸ் ஆக்கியது. ஒரு பெட்டிக்குள் இரண்டாவது ஓ.எஸ்.ஸை நுழைக்க உதவியவர் எழுதிய டாஸின் வாரிசுதான், முப்பது ஆண்டு கழித்து நம் பிள்ளைகளின் மடிக்கணினியில் இரண்டாவது ஓ.எஸ்.ஸாக வந்து உட்கார்ந்தது.

நடுவில் ஒரு நீண்ட இடைவெளி. மெய்நிகர் இயந்திரம் பெரிய கணினிகளுக்குத்தான், இன்டெல் புராசசரில் அது நடக்காது என்று அறிஞர்கள் கைவிட்டிருந்தார்கள். அதன் சில கட்டளைகள், தாங்கள் ஓடுவது உண்மையான கணினியிலா பொய்யானதிலா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மெண்டல் ரோசன்பிளம், அவர் மனைவி டயான் கிரீன், இன்னும் மூவர் சேர்ந்து 1998இல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வம்பு பண்ணும் கட்டளைகளை மட்டும் ஓடும்போதே பிடித்து வேறு விதமாக எழுதிவிடுவது அவர்கள் உத்தி. 1999 மே மாதம் அது கடைக்கு வந்தது. லினக்ஸுக்குள் ஒரு சாளரம், அதற்குள் முழு விண்டோஸ். 2005 முதல் இன்டெல்லும் ஏஎம்டியும் அந்த வசதியைப் புராசசரிலேயே சேர்த்துவிட்டன. 2007இல் வந்த வர்ச்சுவல்பாக்ஸ் அதை இலவசமாகவே எல்லார் கைக்கும் கொண்டுவந்தது.

இந்தக் கதையின் அடுத்த கட்டத்தைப் பார்க்க அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத்தான் போக வேண்டும். ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த 1960களில் உருவான பேட்டை. பாடியிலுள்ள வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் போன்ற ஆலைகளைச் சுற்றி வளர்ந்த உதிரிபாகத் தொழில்தான் இந்தப் பக்கத்துக்குச் சோறு போடுகிறது. அச்சு செய்யும் டூல் ரூம்கள், ஒயர் கட், சிஎன்சி பட்டறைகள் என்று சந்துக்குச் சந்து இருக்கும். ஒயர் கட் மிஷினைக் கடன் வாங்கித்தான் வாங்குவார்கள், வாங்கினால் இருபது வருஷம் ஓட்டுவார்கள். அதனோடு வந்த கணினி ஐந்து வருஷத்தில் பல்லிளித்துவிடும். மிஷினுக்கு வரைபடம் அனுப்பும் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பிக்கு எழுதியது. அது திறக்க வேண்டுமென்றால் பின்பக்கம் 25 துளை பேரலல் போர்ட்டில், உரிமத்தைக் காட்டும் டாங்கிள் ஒன்று செருகியிருக்க வேண்டும். இன்றைய கணினியில் அந்தப் போர்ட்டே கிடையாது.

பட்டறைக்காரர் முதலில் ஓடும் இடம் சென்னை ரிச்சி தெரு. பழைய பென்டியம் 4 போர்டு, ஐடிஇ டிஸ்க் ஏதாவது கிடைக்குமா என்று தேடுவார். கிடைத்தால் இன்னும் ஒரு வருஷம் தள்ளலாம். புதிய கணினியிலேயே எக்ஸ்பியையும் தனியாகப் போட்டு, அரசு மடிக்கணினி மாதிரி டூயல் பூட் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரும்பாலும் நடக்காது. இன்றைய போர்டுக்கும் டிஸ்க்குக்கும் வேண்டிய டிரைவர்கள் எக்ஸ்பிக்கு இல்லை, நிறுவும்போதே நீலத்திரை விழும். கைகொடுப்பது மெய்நிகர் இயந்திரம்தான், ஏனென்றால் அது உள்ளே இருக்கும் ஓ.எஸ்.ஸுக்கு வெளியிலிருக்கும் புதிய போர்டைக் காட்டுவதில்லை. விஎம்வேர் காட்டும் மதர்போர்டு இன்டெல் 1998இல் வெளியிட்ட 440பிஎக்ஸ். நேற்று வாங்கிய கணினியின் மேல் உட்கார்ந்துகொண்டு, எக்ஸ்பி தான் பழகிய காலத்து வன்பொருளோடுதான் பேசிக்கொண்டிருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விற்கும் ஆட்கள் இருப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஆர்எஸ்232 கேபிளில் மிஷினுக்கு நிரல் அனுப்புவது மட்டும்தான் வேலை என்றால் மெய்நிகர் இயந்திரம் போதும். யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று நல்லதாக வாங்கினால் ஓடும். யுஎஸ்பி டாங்கிளையும் உள்ளே கொடுத்துவிடலாம். பேரலல் போர்ட் டாங்கிள் என்றால் அந்தப் போர்ட் உள்ள அட்டை, அதை உள்ளே அனுமதிக்கும் மென்பொருள் என்று தலைவலி கூடும். மோட்டாரையே கணினி நேரடியாக ஓட்டும் சாஃப்ட்வேராக இருந்தால் முயற்சியே செய்யாதீர்கள். மேக்3 அப்படிப்பட்டது. பேரலல் போர்ட் வழியாக நொடிக்கு ஆயிரக்கணக்கில் துடிப்புகளை அனுப்பும். நடுவில் இன்னொரு ஓ.எஸ். உட்கார்ந்து ஒரு கணம் தாமதித்தால் அச்சு கோணலாகும், டூல் உடையும். அதற்குத் தனியாக ஒரு 32 பிட் விண்டோஸ் கணினிதான் வேண்டும். மெய்நிகர் இயந்திரம் வேண்டாம் என்ற எச்சரிக்கை லினக்ஸ்சிஎன்சியை வைத்து ஓட்டுபவர்களுக்கும்தான்.

பட்டறையின் முன்னறையில் இன்னொரு பழசு இருக்கும். டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் யாரோ ஒரு தம்பி எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் புதிய பில் போடும் வேலை அதனிடமிருந்து போய்விட்டது. ஆனால் பழைய கணக்கு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. கணக்கைத் திறந்து பார்க்க டாஸ்பாக்ஸ் போதும். பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் முடியாது. விளையாட்டுக்காகச் செய்ததில் பிரிண்டருக்கு வழி வைக்கவில்லை. அலுவலக வேலைக்கென்றே செய்த விடாஸ் அந்தக் குறையைத் தீர்க்கும்.

எக்ஸ்பியைக் காப்பாற்ற மைக்ரோசாஃப்டே ஒரு முறை இதே வழியைப் பிடித்தது. 2009இல் விண்டோஸ் 7இன் மேல்நிலைப் பதிப்புகளுக்கு எக்ஸ்பி மோட் என்று ஒரு முழு எக்ஸ்பியை மெய்நிகர் இயந்திரமாகக் கொடுத்தது. 2014 ஏப்ரல் 8இல் எக்ஸ்பிக்கான ஆதரவையே நிறுத்தியது. அந்தச் சமயத்தில் தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது.

பள்ளிக்கூடத்துச் சிக்கல் வேறு விதமாகத் தீர்ந்தது. 2018இல் வந்த புதிய பிளஸ் ஒன் புத்தகத்தில் விண்டோஸ், உபுண்டு இரண்டையும் பற்றிய பாடம் இருக்கிறது. டர்போவுக்குப் பதில் டெவ் சி++ வந்தது. 2019இல் பிளஸ் டூவுக்குப் பைத்தான் வந்தது. பைத்தான் நிரல் எந்த ஓ.எஸ்.ஸிலும் ஓடும். ஏழு வருஷம் முன்னாலேயே புத்தகத்தை மாற்றியிருந்தால் பாஸுக்கு நியாயம் கிடைத்திருக்கும்.

எஸ்டேட்காரர்களுக்கு அப்படி ஒரு புதிய புத்தகம் வரப்போவதில்லை. அதனால் இதைப் படிக்கும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்பி கணினி இன்னும் ஓடும்போதே, எக்ஸ்பியில் ஓடும் டிஸ்க் நகல் மென்பொருள் ஒன்றை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகல் எடுத்துவையுங்கள். சாஃப்ட்வேர் சிடி தனியாகத்தான் இருக்கிறதே என்று இருக்க வேண்டாம், அமைப்புகள் எல்லாம் டிஸ்க்கில்தான் உள்ளன. நகலை மெய்நிகர் இயந்திரத்தில் திறந்தால் எக்ஸ்பி மறுபடி உரிமச் சாவியைக் கேட்கலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்காதீர்கள். ஒரு நகல் பட்டறையில் இருக்கட்டும், இன்னொன்றை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.